வைத்தியர் கேட்க வேண்டிய கேள்வி

பங்காருபேட்டைச் சந்திப்பிலிருந்து ஒரு சிறு கிளைப் பாதை பிரிகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்னும் நிலையங்களைத் தாண்டி மாரிக்குப்பத்தில் அது முடிந்துவிடுகிறது. தங்கச் சுரங்கங்களுக்காக 1894இல் அமைக்கப்பட்ட பாதை அது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்தும் புறப்பட்ட நம்மவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்தது அவ்வழியேதான். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இப்பொழுது அதே பாதையில், அன்று நிலத்தடியில் உழைத்தவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

சென்ற ஆண்டு பங்காருபேட்டையில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் இரண்டு நாள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. நண்பரின் தகப்பனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் துளையிடும் வேலை பார்த்தவர். எழுபதைக் கடந்த அப்பெரியவருக்குக் கூடத்திலிருந்து வாயிற்படி வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. மாலையில் அவருடைய பேரன் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் போட்டு, ஆங்கில உரையாடலைத் தாத்தாவுக்கு அவ்வப்பொழுது தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு வாளாவிருக்க இயலவில்லை. இடையிடையே திருத்தம் சொன்னோம். அவன் அதை விரும்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொடரின் பெயர் ‘ஹவுஸ்’. 2004 முதல் 2012 வரை 177 பகுதிகளாக ஒளிபரப்பானது. டேவிட் ஷோர் என்பவர் படைத்தது. ஹியூ லாரி என்னும் ஆங்கில நடிகர் நடித்தது. இதன் நாயகரான டாக்டர் ஹவுஸ், பிறர் கண்டுபிடிக்க இயலாத நோய்களைக் கண்டுபிடிப்பதில் வல்லவர். ஆனால் பழகுவதற்குக் கொடியவர். கைத்தடி ஊன்றி நடப்பார். கால் நோவுக்காக மாத்திரைகளை விழுங்கிக்கொண்டே இருப்பார். நோயாளியின் முகத்தைப் பார்க்கவே அவருக்கு விருப்பம் இராது. நோயாளிகள் யாவரும் பொய் சொல்பவர்கள் என்பது அவர் சித்தாந்தம். ஆகவே, உண்மையை அறியத் தம் உதவி மருத்துவர்களை நோயாளியின் வீட்டுக்கே அனுப்பி, ஆளில்லாத நேரத்தில் உள்ளே புகுந்து அலமாரிகளைச் சோதிக்கச் செய்வார்!

அன்று நாம் கண்ட பகுதி 2011 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. மருத்துவமனைத் தலைவியின் தாயார் நோயுற்று வருகிறார். இதயம் தளர்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஐயங்கள் எழுகின்றன, ஒன்றும் பொருந்தவில்லை. மகளும் தாயும் மருத்துவரும் ஆளுக்கொரு பக்கம் சண்டையிடுகிறார்கள். கடைசியில்தான் விடை கிடைக்கிறது. அம்மூதாட்டிக்குப் பொருத்தியிருந்த செயற்கை இடுப்பு மூட்டின் உலோகத்திலிருந்து கோபால்ட் கசிந்து இரத்தத்தில் கலந்திருக்கிறது.

பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அந்த அம்மாவின் உடம்பில் என்ன வைத்திருக்கிறது என்று முதலிலேயே கேட்டிருந்தால் கதை அரை மணியில் முடிந்திருக்கும், தம்பி” என்றார்.

இக்கதைக்கு ஓர் உண்மையான பின்தொடர்ச்சி உண்டு. 2012ஆம் ஆண்டு ஜெர்மனியின் மார்பர்க் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஐம்பத்தைந்து வயது நோயாளி ஒருவர் வந்தார். இதயம் பழுதடைந்திருந்தது, ஆனால் இதயக் குழாய்களில் அடைப்பு இல்லை. காய்ச்சல் விடவில்லை, பார்வையும் செவிப்புலனும் மங்கின, தைராய்டும் குறைந்திருந்தது. பல மருத்துவர்கள் பார்த்தும் காரணம் புலப்படவில்லை. அங்கிருந்த பேராசிரியர் யூர்கன் ஷேஃபர், மாணவருக்குப் பாடம் சொல்ல இதே ‘ஹவுஸ்’ தொடரைப் பயன்படுத்தி வந்தவர். நோயாளிக்கு உலோக இடுப்பு மூட்டு உண்டு என்று கண்டதும் அந்தப் பகுதி அவர் நினைவுக்கு வந்தது. இரத்தத்தைச் சோதித்தார்கள், கோபால்ட் மிகுந்திருந்தது. முன்பிருந்த பீங்கான் மூட்டு உடைந்துபோனதால் 2010இல் உலோக மூட்டுப் பொருத்தினார்களாம். எஞ்சியிருந்த பீங்கான் துகள்கள் அவ்வுலோகத்தை அரைத்துவிட்டன. மூட்டை மாற்றியபின் உடல்நிலை தேறியது. 2014இல் ‘லான்செட்’ இதழில் இச்செய்தி வெளியாயிற்று.

தொலைக்காட்சி உயிரைக் காத்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. அது பாதி உண்மை என்றே நமக்குத் தோன்றுகிறது. அம்மனிதரின் இடுப்பில் உள்ள உலோகத்தையும் இதயத்தின் தளர்ச்சியையும் ஒருவர் சேர்த்துப் பார்த்தார். காரியம் அதில்தான் இருந்தது.

டாக்டர் ஹவுஸ், ஷெர்லக் ஹோம்ஸை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்ட பாத்திரம். ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர். அவருடைய ஆசிரியர் ஜோசப் பெல், நோயாளி வாய் திறக்குமுன்பே அவருடைய தொழிலையும் அவர் வாழ்ந்த நாட்டையும் சொல்லிவிடுவாராம். ஒருவர் தொப்பியைக் கழற்றாது நின்றதைக் கண்டு அவர் படையில் இருந்தவர் என்றும், யானைக்கால் நோயைக் கண்டு மேற்கிந்தியத் தீவில் பணி செய்தவர் என்றும் கூறினாராம். அவருக்கும் முன்னால், 1700இல், இத்தாலியரான ராமசினி தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மருத்துவர் வழக்கமாகக் கேட்பவற்றோடு, ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் கேட்கவேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கேள்வி எங்கும் கேட்கப்படுவதாகத் தெரியவில்லை.

தங்கவயலுக்கு வருவோம். தங்கம் வெண்கற்பாறைக்குள் இழையோடி இருக்கிறது. அப்பாறை பெரும்பாலும் சிலிகா. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் சென்றது. அவ்வளவு கீழே, வெப்பத்தினிடையே, துளையிட்டும் வெடிவைத்தும் பாறையை உடைத்தபோது எழுந்த தூசியில் கண்ணுக்குத் தெரியும் பகுதியால் கேடு குறைவு. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே நுரையீரலின் அடிவரை போய்ச் சேரும். அதை விழுங்கவரும் உடலின் காவல் அணுக்கள் அதனாலேயே மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு, தழும்பின்மேல் தழும்பு. பத்து, இருபது ஆண்டுகள் சென்ற பின்னரே மூச்சு முட்டும். வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரும். அதை அகற்ற மருந்து இல்லை. இதுவே சிலிக்கோசிஸ். துளையிடும்போது நீர் பாய்ச்சித் தூசியை அடக்குவதும் நல்ல காற்றோட்டம் அமைப்பதுமே தடுக்கும் வழிகள்.

இந்நோய் பற்றி நம் நாட்டில் எழுந்த முதல் ஆய்வுகள் கோலாரில் நிகழ்ந்தவையே. மைசூர் அரசு 1940இல் சிலிக்கோசிஸுக்கென்றே இழப்பீட்டு விதிகளை வகுத்தது. 1940 முதல் 1946 வரை ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, பத்தில் நால்வருக்கு மேல் இந்நோய் இருந்ததாக அறிக்கை வெளியாயிற்று. மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதைச் சேர்த்தது. ஆக, நோயும் தெரியும், சட்டமும் உண்டு.

ஆயினும் நம் நண்பரின் தகப்பனாருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். சுரங்கம் மூடியபின் அவர் மகனோடு சில ஆண்டுகள் வேறோர் ஊரில் இருந்தார். இருமலுக்காக அங்கே மருத்துவரிடம் சென்றபோது படம் எடுத்தார்கள். நுரையீரலின் மேற்பகுதியில் சிறுசிறு புள்ளிகள். காசநோய் என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். சளியில் கிருமி ஒருமுறையும் காணப்படவில்லை. இரண்டாண்டுக்குப் பின் வேறொருவர் மீண்டும் அதே மருந்தைத் தொடங்கினார்.

இவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். காசநோயும் சிலிக்கோசிஸும் நுரையீரலின் மேற்பகுதியையே பெரிதும் நாடுகின்றன. படத்தில் ஒன்றுபோலவே தோன்றுவதுண்டு. அன்றியும், சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதிற் பற்றும். இரண்டும் ஒருவரிடமே குடிகொள்வதும் உண்டு. ஆகையால் சளிச் சோதனையை விட்டுவிடலாகாது. ஆனால் படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய உதவுவது, அவர் என்ன வேலை செய்தார், எத்தனை ஆண்டு செய்தார் என்பதே.

அவருடைய பழைய மருத்துவச் சீட்டுகளை நாம் வாங்கிப் பார்த்தோம். படிவங்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். பெயர், வயது, தந்தை பெயருக்குக் கீழே ‘தொழில்’ என்றொரு கட்டம் இருந்தது. ஒரு சீட்டில் ‘ஓய்வு பெற்றவர்’ என்றும் மற்றொன்றில் ‘இல்லை’ என்றும் எழுதியிருந்தார்கள். இருபத்தெட்டு ஆண்டு உழைப்பு அந்த ஒரு சொல்லில் மறைந்துபோயிற்று. பெரியவரைக் கேட்டோம். “இப்போது என்ன செய்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். இப்போது ஒன்றும் செய்யவில்லையே, அதைச் சொன்னேன்” என்றார். டாக்டர் ஹவுஸ் சொல்வதுபோல் அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு நேரான விடையைத்தான் சொன்னார்.

தங்கவயலில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. லைன் வீடுகளில் பிறந்தவர் என்றாலே அவ்வூர் மருத்துவர் சுரங்கத்தை நினைப்பார். ஊர் மாறியதும் அந்த அறிவு அங்கேயே தங்கிவிடுகிறது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களும் ஊர் மாறியவர்களே. கல்குவாரியிலோ, கிரானைட் அறுக்கும் கூடத்திலோ, வார்ப்படத் தொழிற்சாலையிலோ, மணல் வீசி இரும்பைத் துலக்கும் இடத்திலோ உங்களிலோ உங்கள் பெற்றோரிலோ எவரேனும் முன்பு உழைத்திருக்கலாம். இன்று கடை வைத்திருக்கலாம், காவற்காரராக இருக்கலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் பழைய தொழிலைச் சொல்லுங்கள். அந்த ஊர் மொழியில் சொல்ல வராதெனில் எழுதிக்கொண்டு போங்கள். இழப்பீடு கோருவதற்கும் நோயின் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பேரன் அதைத்தான் செய்தான். ஓர் அட்டையில், ‘சாம்பியன் ரீஃப், நிலத்தடி, துளையிடும் வேலை, 28 ஆண்டுகள்’ என்று ஆங்கிலத்தில் எழுதித் தாத்தாவின் சட்டைப்பையில் வைத்தான். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்த நம்மை அனுமதித்தான். மறுவாரம் பெங்களூரில் ஒரு மருத்துவரிடம் போனார்களாம். அட்டையைப் படித்த அவர், பழைய படங்களையெல்லாம் கேட்டு வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தாராம். சளியை மறுபடியும் சோதிக்கச் சொன்னாராம். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, நீர் பாய்ச்சித் துளையிட்டீர்களா, வெறும் துளையா என்று கேட்டாராம். பெரியவர் பதில் சொல்ல அரை மணி நேரம் பிடித்தது என்றும், வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள் என்றும் நண்பர் எழுதியிருக்கிறார்.