வெண்தொப்பித் திருநாள்

பள்ளிப் படிப்பு முடிவுறும் நாளை ஒரு நகரம் முழுவதும் தன் வீட்டுத் திருமணமெனக் கொண்டாடும் காட்சியை 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் கண்டோம். அந்நகரம் ஸ்வீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோம். அவ்விழாவைப் பற்றியும், அதன் பின்னே மறைந்துள்ள ஒரு மாறுதலைப் பற்றியும் இன்று பேச விழைகிறோம்.

ஸ்வீடனில் மேல்நிலைப் பள்ளிக்கு 'ஜிம்னேசியம்' என்று பெயர். நம்மவர்க்கு அச்சொல் உடற்பயிற்சிக் கூடத்தை நினைவூட்டும். ஆங்கோ அது மூன்றாண்டுப் படிப்பு. அதனை முடிப்போர் பெரும்பாலும் பத்தொன்பது வயதினர். முடிக்கும் நாளை 'ஸ்டுடென்டென்' என்பர். 'மாணவன்' என்பதே அதன் நேர்ப்பொருள். பள்ளியை விட்டு நீங்கும் நாளில் ஒருவர் 'மாணவன்' ஆவது எங்ஙனம் என்ற ஐயம், மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு எழுந்தது. பள்ளியில் பயில்வோர்க்கு அம்மொழியில் வேறு சொல் உண்டு. பல்கலைக்கழகம் புகும் தகுதி பெற்றவரே பண்டு 'ஸ்டுடென்ட்' எனப்பட்டனர். பொருள் விளங்கியதும் விழாவும் விளங்கலாயிற்று.

நமக்கு விருந்தளித்த இல்லத்தாரின் மகள் அவ்வாண்டு படிப்பை முடித்தாள். பள்ளி முற்றத்தில் அவள் பெற்றோருடன் நாமும் நின்றோம். சுற்றத்தார் ஒவ்வொருவர் கையிலும் நீண்ட கழியில் பொருத்திய பெரிய அட்டை. அதில் மாணவரின் மழலைப் பருவப் படம். சேறு பூசிய முகமும் பல்லில்லாச் சிரிப்பும் முற்றமெங்கும் உயர்ந்து நின்றன. திடீரெனக் கதவுகள் திறந்தன. வெண்தொப்பி அணிந்த இளைஞர் கூட்டம் பாடியவாறு வெளியே ஓடி வந்தது. அவர்கள் பாடிய பாட்டுக்கு இசையமைத்தவர் ஸ்வீடன் இளவரசர் குஸ்தாவ்; சொல் அமைத்தவர் மருத்துவரும் கவிஞருமான ஹெர்மன் சாதர்பெரி. 1852இல் உப்சாலா நகரில் முதன்முதல் பாடப்பெற்ற அப்பாட்டு இன்றும் வழக்கொழியவில்லை.

மகளைத் தேடிக் கண்ட தாய், நீலமும் மஞ்சளுமான நாடாவில் கட்டிய மலர்க்கொத்தை அவள் கழுத்தில் அணிவித்தார். அந்நாட்டுக் கொடியின் நிறங்கள் அவை. உறவினரும் நண்பரும் ஒருவர்பின் ஒருவராக மலர்களையும் சிறு பொம்மைகளையும் மாட்ட, அவள் முகமே மறைந்துவிட்டது. பின்னர் பிர்ச் மரத்தின் பசுங்கிளைகளால் அலங்கரித்த லாரிகளில் ஏறி, இசையும் ஆரவாரமுமாக மாணவர்கள் நகர்வலம் சென்றனர். வழிப்போக்கர்கள் கையசைத்து வாழ்த்தினர். மாலையில் இல்லத்தில் விருந்து. ரொட்டி அடுக்குகளுக்கிடையே இறால், முட்டை முதலியன வைத்து, பார்வைக்குக் கேக் போலவே செய்த 'ஸ்மோர்கோஸ்டோர்ட்டா' என்னும் உணவும், ஸ்ட்ராபெரிப் பழங்களும் பரிமாறினர். இரவு பத்து மணி அளவிலும் வானில் வெளிச்சம் மங்கவில்லை.

இத்துணை மகிழ்ச்சிக்கும் அடையாளமாகிய தொப்பிக்கு ஒரு வரலாறு உண்டு. 1845இல் கோபன்ஹேகனில் கூடிய நார்டிக் மாணவர் மாநாட்டிற்குச் சென்ற உப்சாலா மாணவர்கள் அதனை அணிந்தனர். காலப்போக்கில் அது பள்ளியிறுதித் தேர்வில் வென்றவர்க்குரிய சின்னமாயிற்று. அத்தேர்வோ கடுமையானது. எழுத்துத் தேர்வுக்குப் பின், வெளியிலிருந்து வந்த பேராசிரியர்கள் முன்னிலையில் வாய்மொழித் தேர்வு நடைபெறும். முற்றத்தில் சுற்றத்தார் மலருடன் காத்திருப்பர். வென்றவர் தொப்பி அணிந்து முன்வாயில் வழியே ஓடி வருவர். தோற்றவரோ பின்வாயில் வழியே, எவர் கண்ணிலும் படாது வெளியேறுவர். மலருடன் காத்து நின்ற ஒரு தாய் தன் மகன் வரவில்லை என்பதை உணர்ந்த கணத்தை எண்ணிப் பாருங்கள்.

1968ஆம் ஆண்டுடன் அத்தேர்வு நீக்கப்பட்டது. தேர்வு போயின் தொப்பியும் போகும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழவில்லை. முன்பு சிறுபான்மையோர்க்கே உரியதாயிருந்த வெண்தொப்பியை இன்று தொழிற்கல்வி பயின்றோரும் அணிகின்றனர். மதிப்பெண்கள் அங்கும் உண்டு. பல்கலைக்கழக இடத்திற்குப் போட்டியும் உண்டு. ஆயினும் அந்நாளில் எவரும் அவற்றைப் பேசக் கேட்டிலோம். சில பாடங்களில் குறைவுற்றோரும் பெரும்பாலும் தோழரோடு சேர்ந்தே முன்வாயில் வழியே வருகின்றனர். உயர்த்திப் பிடித்த அட்டையில் இருப்பது மழலையின் முகமேயன்றி, பெற்ற எண் அன்று.

ஊரையும் உற்றாரையும் விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு நாள் வருகிறது. தொலைபேசியில் ஊரிலிருந்து வரும் முதற்கேள்வி, "எத்தனை மதிப்பெண்?" என்பதே. கேள்வியில் பிழையில்லை, அன்பும் கவலையுமே அதற்குக் காரணம். ஆயினும் குறைந்த எண் பெற்ற பிள்ளை அந்நேரம் எந்த அறையில், எந்தக் கதவின் பின்னே அமர்ந்திருக்கிறது என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் புத்தகப் பையைச் சுமந்த பிள்ளைக்கு, எண்ணைக் கேட்குமுன் ஓர் இனிப்பை ஊட்டுவது எவர்க்கும் இயலும். அதற்குத் தொப்பியும் வேண்டுவதில்லை, லாரியும் வேண்டுவதில்லை.