பொழுது அடையுமுன் கூலி



ஏழைக் கூலியாளுக்குரிய கூலியை அன்றே, கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரம். அவன் சொந்த இனத்தவனா, அந்நியனா என்று பார்க்கக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. யாக்கோபின் திருமுகமோ, பிடித்து வைத்த கூலியே ஆண்டவரிடம் கூக்குரலிடும் என்கிறது. விண்ணை நோக்கிக் கதறும் பாவங்களில் இதையும் ஒன்றாகத் திருச்சபை கற்பிக்கிறது.

2018இல் நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கடற்கரையிலிருந்து ஈரானுக்கு மீன்பிடிக்கப் போன 21 பேர் சம்பளம் கிடைக்காமல் அங்கே மாட்டிக்கொண்டார்கள். அங்கே நம்மவர்கள்தாம் அந்நியர்கள். அந்த ஆகஸ்டு மாதம் ஊர் திரும்பினார்கள். பிள்ளைகள் உயிரோடு வந்தார்களே என்று மகிழ்ந்தோம். ஆனால் ஆள் வந்ததும் கணக்கு முடிந்துவிடுமா?

வெளிநாடு போகிறவர்களே, ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். கடலுக்குப் போன நாள்களையும் கையில் வாங்கிய பணத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சம்பளம் நின்றால் தூதரகத்துக்குச் சொல்லுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் முறையிடலாம். வெறுங்கையோடு வந்து, "சாமி, ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க" என்றால் எந்தக் கணக்கை வைத்து எழுதுவது?

வெளிநாட்டு முதலாளியை ஏசுவது எளிது. நம் உவரிக் கரையில் எப்படி?

ஒரே அன்பியத்தைச் சேர்ந்த இருவர் சண்டையோடு நம்மிடம் வந்தார்கள். ஒருவர் வள்ளத்துக்குச் சொந்தக்காரர், மற்றவர் அதில் தொழிலுக்குப் போகிறவர். "நாற்பது நாள் பங்குப் பணம் வரணும் சாமி" என்றார் இவர். "முன்பணம், டீசல், வலை எல்லாம் கழிச்சா ஒண்ணுமே இல்ல சாமி" என்றார் அவர். இருவரிடமும் ஒரு சீட்டு கிடையாது. பங்குக்குத் தொழில் செய்கிறவர் தொழிலாளியா கூட்டாளியா என்பதே சட்டத்துக்கு முன் வழக்காகிவிடும். எழுத்தும் இல்லாவிட்டால் எந்த அதிகாரியிடம் போய் நிற்பது?

இரண்டு சாயங்காலம் திண்ணையில் உட்கார வைத்துப் பேசியும் குரல்தான் உயர்ந்தது. வள்ளக்காரரின் மனைவிதான் வழி காட்டினார். அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்த ஏலச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். கூட்டிப் பார்த்தோம். வள்ளக்காரர் ஆறு நாள் பாட்டை மறந்திருந்தார். தொழிலாளி, திருவிழாவுக்கு வாங்கிய முன்பணத்தை மறந்திருந்தார். பாதிப் பணம் அன்றே கை மாறியது. மீதிக்குத் தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தச் சீட்டுகளை நாம் இன்னொரு முறை புரட்டினோம். கருவாடு காயவைத்த பெண்களின் கூலி அவற்றில் எங்கேயும் இல்லை. அவர்களை இந்த வெள்ளிக்கிழமை திண்ணைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.