வகுப்பறையில் உரையாடற் கருவிகள்: மறுமொழிக்கு ஒரு பாதை

(கல்வித்துறை அலுவலர்களும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையவழி உரையாடற் கருவிகளையும், பலர் ஒருங்கே எழுதித் திருத்தக்கூடிய கூட்டுப்பணிக் கருவிகளையும் வகுப்பறையில் பயன்படுத்துவது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கல்வியியல் என் துறையன்று; பொருளாதாரம் பயின்று அரசுப் பணிக்கு வந்தவன் நான். எனவே ஒரு கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன், அதற்கு ஆகும் செலவு என்ன, அச்செலவை ஏற்பவர் யார், அதனால் கிடைப்பது என்ன என்று கேட்பதே என் வழக்கம். இன்றும் அவ்வழியிலேயே செல்கிறேன்.

தொலைத்தொடர்பின் துணைகொண்டு கற்பிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவிடமிருந்து ஓராண்டுக்குப் பெற்ற ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோளின் வாயிலாக, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நேரடியாக ஒளிபரப்பப்பட்டன. 'சைட்' என்று அழைக்கப்பட்ட அந்தச் சோதனையில் காலை ஒன்றரை மணி நேரம் பள்ளிக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. உலகமே வியந்து நோக்கிய முயற்சி அது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. அக்காலத் தொழில்நுட்பத்தில் அது தவிர்க்க முடியாத குறை. தொலைக்காட்சி பேசும், குழந்தை கேட்கும். குழந்தைக்கு விளங்கவில்லை என்பது ஆமதாபாத்திலிருந்த நிலையத்துக்குத் தெரிய வழியில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1996இல் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் மற்றொரு திட்டத்தைத் தொடங்கியது. அதில் நிகழ்ச்சிகளைப் பெறும் நிலையங்கள் 150; திரும்பப் பேசும் வசதி பெற்ற நிலையங்கள் 12. வட்டாரத் தலைமையிடங்களில் அமைந்த அந்தப் பன்னிரண்டு நிலையங்களுக்கு வந்துதான் மக்கள் கேள்வி கேட்க முடியும். 2004இல் எடுசாட் என்ற கல்விச் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோதும் செலவின் இயல்பு பெரிதாக மாறவில்லை. செய்தியை அனுப்புவது மலிவு. மறுமொழியைப் பெறுவது விலை உயர்ந்தது.

கைப்பேசி இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. இன்று செய்தியைப் பெறும் ஒவ்வொரு கருவியும் செய்தியை அனுப்பவும் வல்லது. ஆசிரியர் ஒரு வினாவை அனுப்புவதற்கு ஆகும் செலவே மாணவர் விடையை அனுப்புவதற்கும் ஆகிறது. உரையாடற் கருவிகளின் உண்மையான புதுமை இதுவே எனலாம். காணொலியைக் கொண்டுசேர்ப்பது தொலைக்காட்சியாலும் முடிந்த காரியம்.

இந்தப் புதுமையை நாம் எவ்வாறு பயன்படுத்தினோம் என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் ஏறத்தாழ 15 இலட்சம் பள்ளிகள் மூடப்பட்டன. ஏறத்தாழ 25 கோடி மாணாக்கர் வீட்டிலிருந்தனர். தீக்ஷா தளம் 2017 முதலே இருந்தது. மே மாதத்தில் பி.எம். இ-வித்யா திட்டம் அறிவிக்கப்பட்டது. இருப்பினும் சாதாரணக் கிராமப்புற ஆசிரியரின் கைக்கு எட்டிய கருவி வாட்ஸ்அப்தான். அவ்வாண்டின் 'அசர்' ஆய்வில், அதற்கு முந்தைய வாரத்தில் ஏதேனும் கற்றல் பொருள் கிடைத்ததாகக் கூறிய குழந்தைகள் மூன்றிலொரு பங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் அதை வாட்ஸ்அப் வழியாகவே பெற்றனர். எந்தச் சுற்றறிக்கையும் வருமுன்னரே ஆசிரியர்கள் தம் சொந்தக் கைப்பேசியில், சொந்தச் செலவில், இதைச் செய்யத் தொடங்கினர் என்பதை இந்த மேடையில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் நிகழ்ந்தது என்ன? காலையில் பாடத்தின் காணொலி. மாலையில் வீட்டுப்பாடத்தின் ஒளிப்படம். இடையே நாற்பது குழந்தைகளுள் ஒருவர் மற்றொருவரோடு பாடத்தைப் பற்றி ஒரு சொல் பேசியிருந்தால் அது தற்செயல். 2018இல் வாட்ஸ்அப் ஒரு வசதியைச் சேர்த்தது. குழுவின் நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம், ஏனையோர் படிக்கலாம் என்று அமைத்துக்கொள்ளும் வசதி அது. பள்ளிக் குழுக்கள் பலவற்றில் அந்த அமைப்பே இன்றும் நடைமுறையிலுள்ளது. விரலால் ஒருமுறை தொட்டவுடன் நாம் 1975க்குத் திரும்பிவிடுகிறோம், அதுவும் செயற்கைக்கோளின் பெருமை இல்லாமல்.

இதற்காக ஆசிரியர்களைக் குறைகூறுவது நியாயமன்று. குழுவைத் திறந்துவிட்டால் என்ன வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். காலை வணக்கத்துடன் ரோஜாப் படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், ஆதாரமற்ற மருத்துவக் குறிப்புகள், ஒரு பெற்றோருக்கும் மற்றொரு பெற்றோருக்கும் இடையே சிறு பூசல். நம் அலுவலகக் குழுக்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கா என்ன? அடைத்துவைப்பதே எளிது என்று ஆசிரியர் முடிவு செய்வதில் வியப்பில்லை. ஆனால் இரைச்சல் எழக் காரணம், அறிவிப்புக்கும் பாடத்துக்கும் ஒரே குழுவைப் பயன்படுத்துவதும், பேசுவதற்கு உருப்படியான வேலை எதுவும் தராமலே பேச அழைப்பதுமாகும்.

உருப்படியான வேலை என்று எதைச் சொல்கிறேன் என்பதை என் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்புப் புள்ளியியல் நூலில் குறியீட்டு எண்கள் பற்றி ஓர் அதிகாரம் உள்ளது. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு கணக்குகளைச் செய்துகாட்டி, ஒரு பாடவேளையில் அதை முடித்துவிடலாம். வேறொரு வழியும் உண்டு. வகுப்பிலுள்ள நாற்பது மாணவரை எட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஞாயிற்றுக்கிழமை தன் ஊர்ச் சந்தையில் அரிசி, பருப்பு, வெங்காயம் ஆகியவற்றின் விலையைக் கேட்டறிந்து, எல்லோரும் திறக்கக்கூடிய ஒரே விரிதாளில் பதிவு செய்யட்டும். நான்கு வாரங்கள் இதைச் செய்தால் வகுப்பின் கையில் அதற்கே உரிய புள்ளிவிவரம் இருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, அரிசி விலை 50 ரூபாயிலிருந்து 55 ஆகவும், பருப்பு 120இலிருந்து 132 ஆகவும், வெங்காயம் 30இலிருந்து 45 ஆகவும் உயர்ந்தன என்று கொள்வோம். முதல் இரண்டும் 10 விழுக்காடு, வெங்காயம் 50 விழுக்காடு. ஒரு குழு மூன்றின் சராசரியை எடுத்து, குறியீட்டு எண் 123 என்று எழுதும். மற்றொரு குழு, வீட்டுச் செலவில் அரிசிக்கு 60, பருப்புக்கு 25, வெங்காயத்துக்கு 15 என எடையிட்டு 116 என்று எழுதும். இரண்டும் ஒரே விரிதாளில் அடுத்தடுத்து நிற்கும். எது சரி? சண்டை தொடங்கும். எடை என்பது எதற்காக, அதை யார் முடிவு செய்கிறார்கள், கூலித்தொழிலாளி வீட்டு எடையும் அரசு ஊழியர் வீட்டு எடையும் ஒன்றாக இருக்குமா என்ற கேள்விகளை மாணவர்களே கேட்பார்கள். உரையாடற் குழுவுக்கு இப்போதுதான் வேலை வருகிறது. கேள்வி எழுத்தில் நிற்கிறது. வகுப்பில் கையுயர்த்தத் தயங்கும் மாணவி இரவு யோசித்து மறுநாள் விடையெழுதலாம். பத்து நாட்கள் விடுப்பில் இருந்த மாணவன் பின்னோக்கிச் சென்று படித்துக்கொள்ளலாம். தாய்மொழியில் தட்டச்சு செய்யத் தெரியாதவர் குரற்பதிவு அனுப்பலாம். ஆசிரியர் விடை சொல்ல வேண்டியதில்லை. “நீங்கள் விலை கேட்டது பெரிய வெங்காயத்துக்கா, சிறிய வெங்காயத்துக்கா?” என்று ஒரே வரியில் கேட்டால் போதும், பாதிப் பதிவுகளை மாணவர்களே திருத்துவார்கள்.

இத்தகைய வகுப்பில் பயின்றவர்க்கு அரசின் புள்ளிவிவரமும் வேறாகத் தோன்றும். 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணுக்காக 1,181 கிராமங்களிலும், 310 நகரங்களைச் சேர்ந்த 1,114 சந்தைகளிலும் விலைகள் திரட்டப்பட்டன. ஒவ்வொரு சந்தையிலும் யாரோ ஒருவர் வெங்காயத்தின் தரத்தைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்று அம்மாணவர் அறிவார்.

கூட்டுப்பணி என்றாலே பொருளியலார்க்கு ஓர் ஐயம் எழும். ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் உழைப்பார், நால்வர் பெயர் போட்டுக்கொள்வார்கள். 1965இல் மன்கூர் ஓல்சன் என்ற அமெரிக்க அறிஞர் கூட்டுச் செயல் பற்றி எழுதிய நூலில், குழு சிறிதாக இருந்தால் பிறர் உழைப்பில் குளிர்காய்வது குறையும் என்பதை ஆராய்ந்துள்ளார். கூகுள் டாக்ஸ் போன்ற கருவிகளில் எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்ற திருத்த வரலாறும் பதிவாகிறது. சார்ட்டுத் தாளில் குழுப்பணி செய்த காலத்தில் ஆசிரியருக்கு இந்த வசதி இருந்ததில்லை. ஆனால் அந்த வரலாற்றைத் தண்டிக்கும் சான்றாக மட்டும் பயன்படுத்தினால், மாணவர்கள் பொருளற்ற திருத்தங்களைச் செய்து தம் பங்கை நிரப்பிவிடுவார்கள். நாற்பது பேரை எட்டாகப் பிரித்தது இதையெல்லாம் கருதியே.

இனிச் செலவுக்கு வருவோம். கருவி இலவசம் என்று சொல்லப்படுகிறது. வீட்டில் கைப்பேசி ஒன்றே இருந்தால், அதைப் பகல் முழுதும் தந்தை வேலைக்கு எடுத்துச்சென்றால், குழந்தையின் பள்ளி இரவு எட்டு மணிக்கே திறக்கிறது. இரு குழந்தைகள் இருந்தால் யாருடைய முறை முதலில் என்பது பெரும்பாலும் மகனுக்குச் சாதகமாகவே முடிகிறது. 2017-18இன் தேசிய மாதிரி ஆய்வில் ஊரகக் குடும்பங்களுள் இணைய வசதி பெற்றவை 14.9 விழுக்காடு மட்டுமே. அந்நிலை வெகுவாக மாறிவிட்டது உண்மை. 2024இன் 'அசர்' ஆய்வின்படி, ஊரகப் பகுதியில் 14 முதல் 16 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் வீட்டில் திறன்பேசி உள்ளது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுள், சொந்தமாக வைத்திருந்த பையன்கள் 36.2 விழுக்காடு, பெண்கள் 26.9 விழுக்காடு. வீட்டில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றல்ல. ஆகவே 'பத்து நிமிடத்தில் விடை அனுப்புக' என்ற கட்டளையைவிட 'புதன்கிழமைக்குள் அனுப்புக' என்பது மிகுந்த சமத்துவம் உடையது. அதே ஆய்வில் முந்தைய வாரத்தில் திறன்பேசியைக் கல்விக்காகப் பயன்படுத்தியதாகக் கூறியோர் 57 விழுக்காட்டினர். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் 76 விழுக்காட்டினர். கருவியைக் கையாளும் திறமை குழந்தைகளிடம் இருக்கிறது. அதைப் பாடத்தின் பக்கம் இழுக்கும் வேலைதான் குறைவு.

கணக்கில் வராத மற்றொரு செலவு ஆசிரியரின் நேரம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தயாரிப்பு நேரமும் உள்ளிட்டு ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரப் பணி என்று வகுத்துள்ளது. இரவு பத்து மணிக்கு வரும் நாற்பது விடைத்தாள் ஒளிப்படங்களைத் திருத்துவது அந்த 45இல் சேருமா, சேராதா? எந்தப் படிவத்திலும் இதற்கு இடமில்லை. விலையில்லாத பொருள் அளவின்றிச் செலவழிக்கப்படும் என்பது பொருளியலின் முதற்பாடம். மாணாக்கரின் திரை நேரத்துக்கு வரம்பு உண்டு. 2020 ஜூலையில் வெளியான 'பிரக்யதா' வழிகாட்டி, எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாதென்றது. ஆசிரியரின் திரை நேரத்துக்கு அத்தகைய வரம்பை நான் கண்டதில்லை. உரையாடற் குழு திறந்திருக்கும் நேரத்தை, மாலை ஐந்து முதல் ஆறரை வரை என்பதுபோல, பள்ளியே அறிவித்துவிடலாம்.

பாதுகாப்பு பற்றி இரண்டு சொற்கள். வாட்ஸ்அப் குழுவில் மாணவியின் அல்லது அவள் தாயின் தொலைபேசி எண் முன்பின் அறியாத அறுபது பேருக்குத் தெரியவருகிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைக் கோருகிறது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கும் தடை விதிக்கிறது. எந்தக் கருவியையும் தேர்ந்தெடுக்குமுன் மாவட்ட அலுவலர் அச்சட்டத்தின் 9ஆம் பிரிவையும், அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகள் கல்வி நிறுவனங்களுக்கு அளிக்கும் விலக்குகளையும் ஒருமுறை படித்துவிடுவது நலம்.

அலுவலர்களாகிய உங்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் ஒன்றே. அது மாதாந்திர அறிக்கை பற்றியது. எத்தனைக் குழுக்கள் தொடங்கப்பட்டன, எத்தனைக் காணொலிகள் அனுப்பப்பட்டன, எத்தனை மாணாக்கர் சேர்க்கப்பட்டனர் என்று கேட்கிறோம். எல்லாம் அனுப்பியவர் பக்கத்துக் கணக்கு. எந்த எண்ணைக் கேட்கிறோமோ அந்த எண் வளரும், காணொலிகளும் வளர்ந்தன. அவற்றுள் ஒரு பத்தியை நீக்கிவிட்டு, 'இம்மாதம் மாணாக்கர் எழுப்பிய கேள்விகளுள் மூன்றை எழுதுக' என்று கேளுங்கள். எண்ணிக்கை வேண்டாம், எண்ணிக்கையைக் கேட்டால் அதுவும் செயற்கையாக வளரும். மூன்று கேள்விகள் போதும். வகுப்பு எந்நிலையில் உள்ளது என்பதை அவற்றைப் படித்தவுடன் நீங்கள் அறிவீர்கள். குழுவை அடைத்துவைத்துள்ள பள்ளியால் அந்தப் பத்தியை நிரப்ப இயலாது.

இணைய வசதி இல்லாத பள்ளிகள் என்ன செய்யும் என்று முன்வரிசையில் ஒருவர் சீட்டெழுதி அனுப்பியுள்ளார். வெங்காய விலைக் கணக்கைச் சுவரில் ஒட்டிய தாளிலும் செய்யலாம். மாணவர் வந்து தம் கையால் எழுதட்டும், பிறர் எழுதியதன் கீழே தம் ஐயத்தைப் பெயரிட்டுக் குறிக்கட்டும், தாள் ஒரு மாதம் அங்கேயே இருக்கட்டும். இணைப்பு வரும்போது விரிதாளுக்கு மாறுவது ஒருநாள் வேலை. சுவர்த்தாளில் ஒருமுறையும் இதைச் செய்து பார்க்காத பள்ளிக்குக் கைக்கணினிகளை வழங்கினால், அவற்றில் காணொலிதான் ஓடும். என்னிடம் இன்னும் ஏழெட்டுச் சீட்டுகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.