இரட்டை மோட்டார் விமானம் ஏன் வீழ்கிறது?

ஓசூரை அடுத்த பெலகொண்டபள்ளியில் 1990களில் இரட்டை எஞ்சின் பார்ட்டனேவியா விமானங்கள் உருவாயின. இன்று இவ்வட்டாரத்து இளைஞர் சிலர் இரண்டு மின்மோட்டார் பூட்டிய மாதிரி விமானங்களை ரேடியோக் கருவியால் பறக்கவிடுகின்றனர். அவை புரண்டு விழுந்தால் காற்றின்மேல் பழி போடுகின்றனர். ஆசிரியனாயிருந்து ஓய்வுபெற்ற நான் கேட்பது ஒன்றே: இரு மோட்டார்களும் இறுதிவரை சுழன்றனவா?

ஒரு மோட்டார் நின்றால், மற்றதன் இழுவிசை விமானத்தை நின்ற பக்கமாகத் திருப்பும். வேகமும் குறைந்திருப்பின் அப்பக்கத்து இறக்கை தாழ்ந்து விமானம் கவிழும். அவ்வேளையில் விசையைக் கூட்டுவது ஆபத்து. விசையைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி, நேரே இறக்குவதே முறை.

காரணத்தைத் தரையிலேயே தேடலாம். புரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு விசையை மெல்ல உயர்த்துங்கள். மோட்டார்கள் ஒருங்கே புறப்படாவிடில், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இரண்டையும் ஒரே அளவுக்குத் திருத்துங்கள். பாட்டரியின் அழுத்தம் தாழும்போது ஒரு கருவி முந்திக்கொண்டு தன் மோட்டாரை நிறுத்துவதும் உண்டு. ஆதலின் இரண்டின் நிறுத்த வரம்பும் ஒன்றாயிருத்தல் வேண்டும். பின்னர் புரொப்பெல்லர் பூட்டி, விமானத்தை இறுகக் கட்டி, விலகி நின்று முழு விசையில் ஓட்டுங்கள். தளர்ந்த இணைப்பு அங்கே வெளிப்படும்.

2009 மார்ச் 6 அன்று, பறக்கையிலேயே ஓர் எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கும் சோதனையில், இரட்டை எஞ்சின் 'சரஸ்' பிடதி அருகே வீழ்ந்தது. விமானப் படையினர் மூவர் மாண்டனர். மாதிரி விமானம் சிறிதுதான். ஆயினும் அதன் கீழும் மனிதர் நடமாடுகின்றனர். சோதித்த பின்னரே பறக்கவிடுங்கள்.