காட்டுச் சுள்ளியும் வயற் கூலியும்: சமூகவியல் பிறந்த கதை

(கிராம வாசிகசாலையொன்றில் நியாயவாதி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சமூகவியல் எவ்வாறு தோன்றிற்று என்பதுபற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கின்றீர்கள். சட்டம் பயின்றவனுக்கு அதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அத்துறையின் மூலவர்களென மதிக்கப்படும் மூவருள் இருவர் சட்டம் பயின்றவர்களே. அவ்விருவரையும் சட்ட நூலிலிருந்து சமுதாய ஆராய்ச்சிக்கு இழுத்துச் சென்றவை காடும் வயலும். ஆதலின், உத்தியோகத்தரும் கமக்காரரும் ஒருங்கே கூடியிருக்கும் இச்சபைக்கு இது ஏற்ற பொருளென்றே கருதுகின்றேன்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். 1789ஆம் ஆண்டிலே பிரான்சிற் புரட்சி மூண்டது. முடியாட்சி வீழ்ந்தது, திருச்சபையின் அதிகாரம் தளர்ந்தது. இங்கிலாந்திலோ யந்திரத் தொழிற்சாலைகள் எழுந்தன. மக்கள் கிராமங்களை விட்டு நகரங்களை நாடினர். பழைய கட்டுகள் அறுந்தபின் மனிதரைப் பிணித்து நிறுத்துவது யாது? இவ்வினாவுக்கு விஞ்ஞான முறையில் விடை காணவேண்டுமென்றார் பிரெஞ்சு அறிஞர் ஒகஸ்த் கொம்த். 1839இல் வெளிவந்த தமது நூற்பாகமொன்றிலே அப்புதிய ஆராய்ச்சிக்குச் சமூகவியல் எனப் பொருள்படும் பெயரை இட்டார். மனித அறிவு சமய நிலை, தத்துவ நிலை, விஞ்ஞான நிலை என மூன்று படிகளில் ஏறுகின்றதென்பது அவர் கொள்கை. பெயர் கிடைத்தது, ஆயினும் அது நூலறையில் வகுத்த திட்டமே. ஏழையின் அடுப்படிவரை அது செல்லவில்லை.

அங்கே சென்ற வழக்கொன்றைக் கூறுகின்றேன். ஜேர்மனியின் ரைன் மாகாணக் காடுகளிலே உதிர்ந்துகிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்கி அடுப்பெரிப்பது ஏழைகளின் நெடுநாள் வழக்கம். மாகாண சபை அவ்வழக்கத்தைக் களவாக்கச் சட்டம் தேடியது. 1842இல் இருபத்து நான்கு வயதினரான கார்ள் மாக்ஸ் அவ்விவாதத்தைப்பற்றிப் பத்திரிகையில் எழுதினார். பொன் நகரிலும் பேர்லினிலும் சட்டம் படித்தவர் அவர். நின்ற மரத்தை வெட்டுவதும் மரமே உதிர்த்த சுள்ளியைப் பொறுக்குவதும் ஒன்றாகுமா என்று கேட்டார். களவுபோன பொருளின் விலையை மதிப்பவன் காட்டுடைமையாளனிடம் சம்பளம் பெறும் காவற்காரன். தண்டப்பணம் போய்ச் சேருவதும் அவ்வுடைமையாளனின் பைக்கே. இது நீதியாகுமா என்று வினவினார். பொருளாதாரப் பிரச்சினைகளை நோக்கித் தம்மை முதலில் திருப்பியவற்றுள் இவ்விவாதமும் ஒன்றென்று 1859இல் அவரே எழுதினார். சட்டத்தைச் செய்வது யார், உடைமை யார் கையில் என்பவற்றை அறியாமற் சமுதாயத்தை அறிதல் இயலாதென்னும் அவர் கொள்கைக்கு வித்து அங்கே விழுந்தது.

இரண்டாமவர் பிரெஞ்சு அறிஞர் எமில் டூர்க்கைம். மூவருள் சட்டம் பயிலாதவர் இவரே. எனினும் சட்டத்தரணிகள் மறக்கலாகாத உண்மையொன்றை 1893இல் உரைத்தார். ஒப்பந்தம் வெறும் கையொப்பத்தால் நிலைப்பதில்லை. வாக்குக் காக்கப்படவேண்டுமென்ற நியதி சமுதாயத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தாலன்றி அது வெறுங் காகிதமே. 1897இல் தற்கொலைபற்றி ஆராய்ந்தார். ஒவ்வொருவனும் தன் துயரத்தாலே மாளுகின்றான். ஆயினும் ஒரு நாட்டின் தொகை ஆண்டுதோறும் பெரிதும் மாறுவதில்லை. பொருளாதார வீழ்ச்சியில் மட்டுமன்றித் திடீர்ச் செழிப்பிலும் அது உயருகின்றதெனக் கண்டார். ஆகவே தனிமனிதனின் துயரத்திலும் சமுதாயத்தின் பங்குண்டு.

மூன்றாமவர் மாக்ஸ் வெபர். இவரும் சட்டம் பயின்ற ஜேர்மானியர். எல்பே நதிக்குக் கிழக்கேயுள்ள பண்ணைக் கூலிகளின் நிலையை ஆராய்ந்து, 1892இல், இருபத்தெட்டாம் வயதிலே பெருநூலொன்றை வெளியிட்டார். அங்கே கூலிக் குடும்பங்கள் ஆண்டொப்பந்தத்திற் குடியிருந்தன. வீடும் சிறு நிலமும், சூடடிக்கும் தானியத்தில் ஒரு பங்கும் அவற்றுக்குக் கிடைத்தன. விளைச்சல் பெருகினால் இருபாலார்க்கும் பெருக்கம். சந்தைக்கென்றே பயிரிடும் காலம் வந்ததும் பங்கு போயிற்று, காசுக்கூலி வந்தது. கூலிகள் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். கூலிக் குறைவு மட்டுமே அதற்குக் காரணமன்று; பிள்ளைகளும் பிறர் ஏவலுக்கே வாழவேண்டியிராத சுதந்திரத்தை அவர்கள் நாடினரென வெபர் உணர்ந்தார். மனிதரை நடத்துவது வயிறு மட்டுமன்று, மனத்திலுள்ள கருத்துமாகும் என்பதை 1904ஆம், 1905ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளிலே மேலும் விரித்தார்.

எனினும் அன்பர்களே, இந்த ஆராய்ச்சியிலே இரு குறைகளை நாம் காணவேண்டும். கூலிகளைப்பற்றிய வினாப்பத்திரங்களுக்கு விடையளித்தவர்கள் கூலிகளல்லர், நிலவுடைமையாளர்கள். கூலிகள் போன இடத்திற்குப் போலந்து நாட்டினர் பருவ வேலைக்கு அழைத்து வரப்பட்டனர். 1895இல் ஆற்றிய பேருரையிலே வெபர் அவர்களைத் தாழ்ந்த பண்பாட்டினராகக் கருதி, ஜேர்மானியருக்கு அவர்களால் ஆபத்தென்றார். கூலியின் சுதந்திர வேட்கையை அத்துணை நுட்பமாகக் கண்டவரின் கண்ணையும் இனப்பற்று மறைத்தது.

சட்டம் மனிதனைத் தனியே கூண்டில் நிறுத்தி, நீ செய்தாயா என்று கேட்கின்றது. அது வேண்டிய கேள்வியே. ஆனால் ஒரே குற்றத்திற்கு ஆயிரம்பேர் கூண்டில் ஏறும்போது, ஆயிரவரும் தீயவர்களா, அன்றி அச்சட்டமும் வாழ்க்கையும் முரண்பட்டு நிற்கின்றனவா என்று கேட்பது சமூகவியல். சுள்ளி பொறுக்கியவள் கள்ளியானது அவள் மாறியதாலன்று, சட்டம் மாறியதால்.

இளைஞர்களே, இச்சாத்திரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மக்களைப்பற்றி எவர் எழுதிக் கொணர்ந்தாலும், அவர் எத்துணைப் பெரிய அறிஞராயினும், ஒன்றை முதலிற் கேளுங்கள்: ஐயா, இதனை யாரைக் கேட்டு எழுதினீர்? அக்கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்த பின்னரே அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.