அடிக்கு முந்தியது விழிப்பு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, நீ கராத்தே, சிலம்பம் எல்லாம் பழகுறவன். தற்காப்பு பத்திக் கால் மணி நேரம் பேசு. முடிஞ்சா மேடையிலே நாலு ஓடு உடைச்சுக் காட்டு" என்றார். பேசச் சம்மதித்தேன். ஓடு விஷயத்தில் மன்னிக்க வேண்டும். மெக்கானிக்கல் படித்துவிட்டுப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். நன்றாக இருக்கிற பொருளை உடைக்க மனசு வராது.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2007-ல் இதே மைதானத்தின் ஓரத்தில் நடந்த மாலை நேரக் கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். வேலைக்குப் போன பிறகு சிலம்பமும் சேர்ந்துகொண்டது. இத்தனை வருஷத்தில் தெருவில் ஒரு ஆளைக்கூட நான் அடித்ததில்லை. என் மாஸ்டர் அடித்ததில்லை. என் சிலம்ப வாத்தியாரும் அடித்ததாகக் கேள்விப்படவில்லை. "அப்புறம் எதுக்குடா கத்துக்கிட்டே?" என்று என் பெரியப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் கற்றதைத் தினமும் பயன்படுத்துகிறேன். அது என் கையில் இருப்பதைவிடக் கவனத்தில் அதிகம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கதவும் தலையணையும்

ஜப்பானில் பொகுதென் என்று ஒரு வாள் வித்தகர் இருந்தார். 1489-ல் பிறந்து 1571-ல் மறைந்தவர். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லும் ஒரு கதை உண்டு. தன் மூன்று மகன்களையும் சோதிக்க நினைத்தார். அறை வாசலுக்கு மேலே, உள்ளே வருபவர் தலையில் விழும்படி ஒரு தலையணையை வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கடைசி மகன் வந்தான், தலையணை விழுந்தது, தரையைத் தொடுமுன் வாளை உருவி இரண்டு துண்டாக்கிவிட்டான். நடு மகன் வந்தான். விழுந்ததைக் கையில் பிடித்துக்கொண்டான். மூத்தவன் வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தான். தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

நம் சினிமா ரசனைப்படி கைதட்டல் கடைசி மகனுக்குத்தான் கிடைக்கும். அப்பா பாராட்டியது மூத்தவனை. அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' (1954) பார்த்தவர்களுக்கு இதன் சாயல் ஞாபகம் வரலாம். கதவுக்குப் பின்னால் ஒருவன் தடியோடு மறைந்திருப்பான். நல்ல வீரர் வாசலிலேயே நின்று சிரித்துவிடுவார்.

கேரளத்துக் களரியிலும் இதே பாடம்தான். மெய்யே கண்ணாக வேண்டும் என்பார்கள். அங்கே முதலில் உடம்பைப் பழக்குவது, அடுத்து கோல், அதற்குப் பிறகு இரும்பு ஆயுதம். வெறுங்கைச் சண்டை கடைசியில்தான் வரும். நாம் முதல் நாளே எதிர்பார்ப்பதை அவர்கள் கடைசியில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

நாலு நிறங்கள்

"அப்படின்னா எந்நேரமும் பயந்துக்கிட்டே இருக்கணுமா?" என்று மாணவர்கள் கேட்கலாம். இல்லை. அமெரிக்க மரீன் படையில் இருந்த ஜெஃப் கூப்பர் (1920 - 2006) என்பவர் மனநிலையை நாலு நிறமாகப் பிரித்தார். சுற்றி நடப்பது எதுவுமே தெரியாமல் இருப்பது வெள்ளை. நிதானமாக, ஆனால் கண் காது திறந்து இருப்பது மஞ்சள். 'அந்த ஆள் ஏன் மூணாவது தடவையா இந்தப் பக்கம் வர்றான்?' என்று குறிப்பிட்ட ஒன்று கண்ணில் படும்போது ஆரஞ்சு. என்ன செய்வது என்று முடிவெடுத்துச் செயலுக்குத் தயாராவது சிவப்பு.

பழகியவர்கள் வெளியே வந்தால் மஞ்சளில் இருப்பார்கள். அவ்வளவுதான். மெஷின் ஓடும் இடத்தில் நல்ல ஃபிட்டர் எப்படி இருப்பார்? டீ குடித்துக்கொண்டு அரட்டை அடிப்பார். ஆனால் பேரிங் சத்தம் கொஞ்சம் மாறினால் கோப்பை அப்படியே நிற்கும். அவர் பயந்துகொண்டா இருந்தார்? இல்லை, கேட்டுக்கொண்டு இருந்தார். பயந்தவனுக்கு எல்லோரும் திருடனாகத் தெரிவார்கள். கடைசியில் அவனுக்கு எதுவும் தெரியாது. இன்றைக்கு நம்மை வெள்ளைக்குள் தள்ளுவது கையில் இருக்கிற போன். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பத்துப் பேரில் எத்தனை பேர் தலை நிமிர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சின்னச் சின்னப் பழக்கங்கள்

என் மாஸ்டரிடமும் வாத்தியாரிடமும் பார்த்துப் பழகியவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். இதற்குப் பெல்ட் எதுவும் தேவையில்லை.

ஒன்று, வாசலை எண்ணுவது. எந்த இடத்துக்குள் போனாலும் வெளியே போக எத்தனை வழி என்று பார்ப்பது. 1997 ஜூன் 13-ந் தேதி டெல்லி உப்ஹார் தியேட்டரில் தீப்பிடித்து 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் வழியை அடைத்துக் கூடுதல் இருக்கைகள் போட்டிருந்தார்கள். அது நடத்தியவர்களின் குற்றம். ஆனால் உள்ளே போகிற நமக்கும் கண் இருக்கிறது. சரி, இந்த அரங்கத்துக்கு எத்தனை வாசல்? திரும்பிப் பார்க்காமல் சொல்லுங்கள்! (சிரிப்பு)

இரண்டு, தூரம். சிலம்பத்தில் கம்பு ஏறத்தாழ நம் நெற்றி உயரம் இருக்கும். வாத்தியார் முதலில் சொல்லித் தருவது காலடி. எதிராளியின் கம்பு எட்டாத இடம் எது, எட்டும் இடம் எது என்பது காலுக்குத் தெரிந்துவிட வேண்டும். வழி கேட்கிற சாக்கில் ஒருவர் நெருங்கி வந்தால் ஒரு எட்டுப் பின்வாங்கிப் பதில் சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. தெருமுனையைச் சுவரை ஒட்டித் திரும்பாமல் அகலமாக எடுத்துத் திரும்புவது, சிக்னலில் முன்வண்டியின் பின்சக்கரம் ரோட்டைத் தொடுவது தெரிகிற அளவு இடம் விட்டு நிறுத்துவது, எல்லாம் அதே காலடிப் பாடம்தான்.

மூன்று, கை. இரண்டு கையிலும் சாமான் வைத்துக்கொண்டு இருட்டில் சாவி தேடக் கூடாது. வீட்டை நெருங்குமுன் சாவி கைக்கு வந்துவிட வேண்டும்.

நான்கு, முடிந்த பிறகும் கவனம். ஜப்பானியர் இதை சான்ஷின் என்பார்கள். கெண்டோவில் அடி சரியாக விழுந்தாலும், அடித்தவன் அதற்குப் பிறகு அசட்டையாகத் திரும்பினால் புள்ளி கிடையாது. நம் வாழ்க்கையில்? ஏ.டி.எம்.மில் பணம் வந்துவிட்டது. கார்டை எடுத்தோமா, பின்னால் யார் வருகிறார்கள்? ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டோம், சீட்டைத் திரும்பிப் பார்த்தோமா? காரியம் முடிந்தது என்று மூச்சு விடுகிற அந்தப் பத்து விநாடியில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம்.

ஐந்து, விழுவது. ஜிகோரோ கானோ 1882-ல் ஜூடோவை ஆரம்பித்தார். அந்தக் கலையில் விழக் கற்ற பிறகுதான் வீழ்த்தக் கற்பிப்பார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டு, தலை தரையில் படக் கூடாது, நீட்டிய கையை ஊன்றாதே. நம்மில் எத்தனை பேர் முரடனிடம் மாட்டப் போகிறோம்? மழைக்காலத்தில் ஈரமான படியில் வழுக்காதவர் யார்? என்னைக் கேட்டால், தற்காப்புக் கலைகளில் வீட்டுக்கு மிகவும் உபயோகமான வித்தை இதுதான்.

கை ஓங்கும் முன்

இனி மாணவர்களுக்கு, முக்கியமாக ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பழகியவனுக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்து ஒன்று என்றால், உள்ளேயிருந்து வரும் ஆபத்து இன்னொன்று. 'எனக்குத் தெரியும்' என்ற மிதப்பு.

நான் பழகிய இடத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அருமையான கை, அருமையான கால். ஒரு ராத்திரி டூவீலர் உரசிய சண்டை. எதிராளி ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கிறான். இவர் அடித்தது ஒரே அடி. அவன் பின்பக்கமாகச் சாய்ந்து பிளாட்பார ஓரத்துக் கல்லில் தலை மோதிவிட்டது. உயிர் பிழைத்தான், ஆனால் பழையபடி வேலைக்குப் போக முடியவில்லை. இவருக்கு வழக்கு, வாய்தா, பாஸ்போர்ட் சிக்கல். வெளிநாட்டு வேலை கைநழுவியது. இரண்டு குடும்பம் நொறுங்கியது. காரணம் ஒரு வார்த்தை. அந்த அடி எங்கள் வகுப்பில் எல்லோரும் மெச்சிய அடி என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. கைமுட்டி செய்வதைவிடச் சிமெண்ட் தரை அதிகம் செய்யும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உடம்பையும் உடைமையையும், பிறர் உடம்பையும்கூடக் காக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் 37-வது பிரிவு எல்லை போடுகிறது: தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸ் போன்றவர்களின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. விழுந்தவனை மேலும் மிதித்தால் அது தற்காப்பு ஆகாது.

முன்பு சொன்ன பொகுதென் பற்றியே இன்னொரு கதை. படகில் ஒரு வாய்ச்சவடால்காரன் அவரை வம்புக்கு இழுத்தான். "படகில் வேண்டாம், மற்றவர்களுக்கு அடிபடும். அதோ அந்தத் தீவில் வைத்துக்கொள்வோம்" என்றார். தீவு வந்ததும் அவன் குதித்தான். இவர் துடுப்பை ஊன்றிப் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். 'என்டர் தி டிராகன்' (1973) படத்தில் புரூஸ் லீ கப்பலில் செய்வது இதையேதான். நம்ம ஊரில் அதற்குப் படகுகூட வேண்டாம். "தப்புதாங்க அண்ணே, மன்னிச்சிடுங்க" என்று சொல்லி வண்டியை நகர்த்தினால் போதும். தப்பு நம்முடையதே இல்லை என்றாலும் சொல்லலாம். பத்து வருஷம் பழகியும் இந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை என்றால் பழக்கம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

தங்கைகளுக்கு

மாணவியரிடம் ஊரே சொல்கிறது, 'ஜாக்கிரதையா இரும்மா' என்று. நானும் அதையே சொல்லி உட்கார்ந்துவிட்டால் அது சரியில்லை. ஏதாவது நடந்தால் குற்றம் செய்தவன் மேல்தான் குற்றம். 'நீ ஏன் அங்கே போனே?' என்று கேட்பது நியாயம் ஆகாது. இதை அண்ணன் தம்பிகளும் அப்பாக்களும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர். ஆகவே விழிப்பு என்பது இருட்டுச் சந்துக்கு மட்டும் உரியதல்ல. தெரிந்தவர் எல்லை மீறும்போது 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்வதும் தற்காப்புதான். கராத்தேயில் கத்திக்கொண்டே குத்துகிறோமே, அந்தச் சத்தத்துக்கும் பயிற்சி வேண்டும். மரியாதைக்குப் பயந்து அடங்கிப் பழகிய குரல் அவசரத்தில் திடீரென்று வந்துவிடாது. 112 என்ற எண் போனில் இருப்பதோடு, நடந்ததைச் சொன்னால் நம்பிக் கேட்கிற ஒரு மனுஷியும் உங்களுக்கு இருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு இன்னொரு விதமான தாக்குதல் இருக்கிறது. "போலீஸ் பேசுகிறேன், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், போனை வைக்காதே" என்று மிரட்டுகிறவன். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. அவன் செய்வதும் நெருங்கி வந்து நிதானத்தைக் குலைப்பதுதான். பதிலும் அதே காலடி: ஒரு எட்டுப் பின்வாங்கு. போனை வை. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐக் கூப்பிடு.

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் பழகிய அந்த மாலை வகுப்பு நின்றுபோய்ச் சில வருஷங்கள் ஆகின்றன என்று கேள்விப்பட்டேன். அதை மறுபடி தொடங்க வேண்டும். பெரிய செலவு இல்லை. மைதானமும், ஒரு லைட்டும், மாணவியருக்கு ஒரு பெண் பயிற்சியாளரும் போதும். முதல் மாதம் விழுவதும் நடப்பதும் சத்தம் போடுவதும் மட்டும் கற்றுத் தரலாம். மாதம் இரண்டு ஞாயிறு நான் வந்து போகத் தயார். முதல்வர் அவர்கள் தலையசைக்கிறார்கள். அதைச் செயலாளர் அண்ணன் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பாடு தயார் என்று சைகை வருகிறது. போகும்போது படி ஈரமாக இருக்கிறது, பார்த்துப் போங்கள்.