பாத்திரம் வாங்குமுன் சிந்திப்போம்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் விடியுமுன் சமைத்து வைத்துவிட்டுத் தோல் தொழிற்சாலைக்கு விரையும் தாய்மார்கள் பலர். அவர்கள் தம் கூலியில் வாங்கும் பாத்திரம் நெடுநாள் உழைக்க வேண்டும். உணவில் நஞ்சு கலவாதிருக்கவும் வேண்டும்.

"ஈயம்" என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். வெள்ளீயம் சமையலுக்கு ஏற்றது. காரீயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சாகும். ஆகவே, வீட்டிலுள்ள பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்குக் கலப்பற்ற வெள்ளீயமே பூசும்படி கேட்டுப் பெறுவோம். அது 232 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகுமாதலால், பூசிய பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் ஏற்றலாகாது.

பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த மலிவான அலுமினியப் பாத்திரங்களிலும் காரீயம் இருக்கக்கூடும். இண்டாலியம் எனப்படும் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து அது உணவில் கசியக்கூடுமென்று 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. புளிக்குழம்பும் ரசமும் இக்கசிவை மிகுவிக்கும்.

கைப்பணம் குறைவாயின், முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கனத்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்றும், இரும்புத் தோசைக்கல் ஒன்றும் போதும். புளி சேர்ந்தவற்றை எவர்சில்வரிலேயே சமைப்போம். மகளிர் குழுவினர் ஒன்றுகூடி மொத்தமாக வாங்கினால் விலை பேசவும் இயலும். அடுத்த கிராம சபையில் இதனை எடுத்துரைப்போமாக!